விலையறியாக் கருணை

பரிசோதனைகளுக்குக் கட்டளையிடும் வைத்தியர் அவற்றின் விலையை அறியவேண்டியதில்லை என்பார் உளர். விலை கண்முன் நின்றால் நோயாளியின் நலன் பின்தள்ளப்படும் என்பது அன்னாரின் வாதம். மனிதாபிமானத்தின் குரலாக ஒலிக்கும் இவ்வாதம், செலவை ஏற்பவர் யார் என்ற வினாவின் முன் நிலைகுலைந்து போகிறது. ஐக்கிய அமெரிக்காவை நோக்குக. அங்கு கட்டளையிடும் கை ஒன்று. பணம் செலுத்தும் கை வேறொன்று. வைத்தியரின் அறியாமை பரிசோதனையை இலவசமாக்குவதில்லை. நோயாளி வீடு திரும்பிய பின்னர் கட்டணச் சீட்டு அவரைத் தேடி வருகிறது. பிறர் செலவில் பேணப்படும் இவ்வறியாமையைக் கருணை என்றல் பொருந்தாது.

விலையறிவு நோயாளிக்குத் தீங்கு செய்யும் என்பதற்குச் சான்று யாது? இந்தியானாபொலிஸ் நகரில் நிகழ்ந்து 1990இல் வெளியான ஆய்வில், கணினித் திரையில் கட்டணத்தைக் கண்ட வைத்தியர்கள் ஏனையோரிலும் ஏறத்தாழ 14 சதவீதம் குறைவான பரிசோதனைகளையே கோரினர். அதனால் அவர்தம் நோயாளிகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுதல் அதிகரிக்கவில்லை. பல்ரிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்விலும், கட்டணம் காட்டப்பட்ட பரிசோதனைகள் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தன, காட்டப்படாதவை கூடின.

எதிர்த்தரப்பினர் பிலடெல்பியாவைச் சுட்டுவர். அங்கு மூன்று வைத்தியசாலைகளில் ஓராண்டு கட்டணம் காட்டப்பட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உண்மையே. ஆயின், இதிலிருந்து பெறப்படுவது யாது? பழக்கத்தின் வழி செல்லும் கையை ஓர் எண் மாத்திரம் தடுத்து நிறுத்தாது என்பதே. கண்மூடியிருப்பவனுக்கு விளக்குப் பயன்படவில்லை என்பதற்காக விளக்கை அணைப்பது அறிவுடைமையாகாது.

2021 தொடக்கம் அமெரிக்க வைத்தியசாலைகள் தம் கட்டணங்களைப் பகிரங்கப்படுத்தல் வேண்டும் என்பது விதி. நோயுற்றுக் கிடப்பவர் விலைப்பட்டியலைப் புரட்டி ஒப்பிடுவாரா? தீர்மானம் எடுக்கப்படும் வேளையில் அதனை மாற்றவல்லவர் வைத்தியரே. எனவே அவர்தம் திரையில் விலை இருத்தல் வேண்டும். அதுவும் அந்நோயாளி தம் கையிலிருந்து செலுத்தவேண்டிய தொகையாக. ஒரே பரிசோதனைக்குக் காப்புறுதிக்கு ஏற்ப விலை மாறும் அந்நாட்டில், பொதுவானதோர் எண் தனியொருவரின் சுமையை உணர்த்தாது.

அதேவேளை, விலையைக் காட்டியதோடு கடமை தீர்ந்ததென நிர்வாகிகள் ஒதுங்குதலும் ஆகாது. இரத்தப் பரிசோதனை ஒன்றைக் கூடுதலாகக் கோரிய வைத்தியரிடம் விளக்கம் கேட்போர், அதற்கு அவ்விலையை விதித்தவரிடமும் விளக்கம் கேட்டல் வேண்டும். அக்கேள்வியைத் தவிர்க்கும் எச்சீர்திருத்தமும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.