சப்பாத்துக்கு முன் பந்து

“கோல்ஃப் சப்பாத்து வாங்க வசதியில்லாதவன் மைதானத்துப் பக்கமே போகக்கூடாது” என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எங்கள் ஊரான ஓட்டமாவடியில் கோல்ஃப் மைதானமே இல்லை. நுவரெலியாவில் வேலை பார்த்துக்கொண்டே கோல்ஃப் பழக நினைக்கும் எங்களூர்ப் பொடியன் ஒருவனுக்காகத்தான் இந்தச் சண்டை.

அவர் சொல்வதில் பாதி சரி. மட்டையை வீசும்போது பின்னங்கால் நிலத்தை உந்துகிறது, முன்னங்கால் உடம்பின் முறுக்கைத் தாங்குகிறது. ஈரப்புல்லில் கால் வழுக்கினால் பந்து போகும் திசையே வேறு. மலைநாட்டு மழைக்கும் சரிவுக்கும் பிடிப்பு வேண்டும்தான். ஆனால் பிடிப்பு வேறு, விலைச்சீட்டு வேறு.

உலோக ஆணிச் சப்பாத்து குழியைச் சுற்றிய புல்லைக் கிழிக்கிறது என்று 1990களில் கழகங்களே அதைத் தடுக்கத் தொடங்கின. பிளாஸ்டிக் ஆணி பரவியது. 2010 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் 50 வயது ஃப்ரெட் கப்பிள்ஸ் ஆணியே இல்லாத சப்பாத்தோடு, காலுறையும் போடாமல், முதல் நாள் ஆட்டத்தை 66 அடிகளில் முடித்து முன்னிலை பெற்றார். அதற்கு நண்பரின் பதில் என்ன? ஆட்ட விதிகளும் கோல்ஃப் சப்பாத்தைக் கட்டாயமாக்கவில்லை. சில கழகங்களின் உடை ஒழுங்கு கேட்கலாம். அது கௌரவக் கணக்கு.

பொடியன் கோல்ஃப் சப்பாத்துக்கான காசைப் பயிற்றுநருக்குக் கொடுக்கட்டும். அடி தேயாத ஓட்டச் சப்பாத்து இப்போதைக்குப் போதும், மழை நாளில் மட்டும் கவனம்.