தாவலா, அழகா? பனித்தரையில் யாருக்குத் தங்கம்?

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே கார்ப் பந்தய மைதானம் இருக்கிறது. யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவரே வென்றவர். கடிகாரம் சொல்லிவிடும். பேச்சுக்கு இடமில்லை.

கடிகாரம் தீர்ப்புச் சொல்ல முடியாத பந்தயமும் உலகத்தில் உண்டு. அதுதான் பனிச்சறுக்கு நடனம்.

காலில் கத்தி போன்ற இரும்புப் பட்டை பூட்டிய பூட்ஸ். கீழே கண்ணாடி போல் உறைந்த பனித்தரை. பாட்டுக்கு ஏற்றபடி வழுக்கிக்கொண்டே ஆடவேண்டும். நடுவில் எம்பி, அந்தரத்தில் மூன்று நான்கு சுற்றுச் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்கவேண்டும்.

இதில் யாருக்குப் பரிசு? நன்றாகத் தாவியவருக்கா, அழகாக ஆடியவருக்கா?

வான்கூவரில் வந்த தகராறு

2010-ல் கனடாவின் வான்கூவர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ரஷ்யாவின் பிளஷென்கோ, முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவர் நான்கு சுற்றுச் சுற்றி இறங்கினார். அமெரிக்காவின் லைசாச்செக் நான்கு சுற்றுக்கு முயலவே இல்லை. ஆனால் தங்கம் அவருக்கே! வித்தியாசம் 1.31 புள்ளி.

பிளஷென்கோ கொதித்தார். நான்கு சுற்று இல்லாவிட்டால் இது வெறும் நடனம்தான் என்றார்.

“தாவலை அழகு வென்றது” என்று பலரும் நினைத்தார்கள். கணக்கைப் பாருங்கள்! இறுதி ஆட்டத்தில் ஆட்டத்தின் நயத்துக்கு இருவருக்கும் கிடைத்த மார்க் ஒன்றேதான்: 82.80. தாவல், சுழற்சிக் கணக்கில்தான் லைசாச்செக் முந்தினார். ஆட்டத்தின் பின்பாதியில், களைத்த நேரத்தில் தாவினால் பத்துச் சதவீதம் கூடுதல் என்பது அன்றைய விதி. அவர் அந்த விதியை அறிந்து ஆடினார்.

மாறிய மார்க்

முன்பெல்லாம் முழு மார்க் ஆறு. ஏன் அவ்வளவு, ஏன் குறைவு என்பது நடுவரின் மனத்துக்குத்தான் தெரியும். 2002-ல் சால்ட் லேக் நகர ஒலிம்பிக்கில் பெரும் ஊழல் வெடித்தது. ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் தந்த தீர்ப்பில் பிரெஞ்சு நடுவர் மீது புகார் எழுந்தது. கடைசியில் கனடா ஜோடிக்கும் தங்கம் தரவேண்டியதாயிற்று.

2004-ல் புதிய முறை வந்தது. இன்று ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செய்த விதத்துக்கு நடுவர்கள் ஐந்து வரை கூட்டலாம், ஐந்து வரை குறைக்கலாம். மிக உயர்ந்த மார்க்கையும் மிகத் தாழ்ந்த மார்க்கையும் தள்ளிவிடுகிறார்கள். ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறமை ஆகியவற்றுக்குத் தனி மார்க்.

ஒரகடம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். போல்ட்டின் இறுக்கத்தைக் கருவி அளக்கும். பெயின்ட்டின் பளபளப்பைக் கண்ணும் பார்க்கும். இரண்டும் சரியாக இருந்தால்தான் கார் வெளியே போகும்.

பிள்ளைகள் படும் பாடு

எதற்கு மார்க் அதிகமோ, அதையே பிள்ளைகள் பழகுவார்கள். தாவலுக்கு விலை ஏறியது. தாவல்களும் பெருகின. 2022 செப்டம்பரில் இலியா மாலினின் என்ற 17 வயது அமெரிக்க இளைஞர் நாலரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார். போட்டியில் அதைச் சாதித்த முதல் ஆள் அவர்தான்!

சிறிய, மெல்லிய உடம்பு வேகமாகச் சுழலும். அதனால் சின்னஞ்சிறு பெண்களையும் இதில் இறக்கினார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்கு சுற்றுத் தாவிய முதல் பெண்ணுக்கு வயது 15! ஊக்கமருந்துப் புகார் தலைக்கு மேல் தொங்க, இறுதி ஆட்டத்தில் அந்தப் பெண் தடுமாறித் தடுமாறி விழுந்ததை உலகமே பார்த்தது.

அதே ஆண்டில் சர்வதேசச் சறுக்குச் சங்கம் விழித்துக்கொண்டது. பெரியவர்கள் போட்டிக்குக் குறைந்த வயது 15 என்றிருந்ததைப் படிப்படியாக 17 ஆக்கியது. பிள்ளைகளின் உடலையும் மனத்தையும் காப்பதற்கே இந்த விதி.

நமக்கு என்ன பாடம்?

நம் ஊரில் பனி இல்லை. சக்கரப் பூட்ஸ் உண்டு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத் அனூப் குமார் யாமா சக்கரச் சறுக்கு நடனத்தில் இரண்டு வெண்கலம் வென்றார்.

பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் மகளும் நடனப் போட்டியில் ஆடுவாள். “எதற்கு எத்தனை மார்க்?” என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது தவறல்ல. ஒளிவு மறைவு இல்லாத மார்க்கில் தோற்றாலும், பிள்ளை அடுத்த முறை எதைப் பழகவேண்டும் என்று தெரிந்துகொள்வாள்.

பரிசு இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் வரும். பிள்ளையின் முழங்கால் அப்படி அல்ல!