முகத்துக்காகக் கொடுத்த வீடு

எங்கட கிழக்கு மாகாணத்து ஊர்களில் வாடகை வீடு எண்டு தனியாகக் கட்டுறவர்கள் குறைவு. மகளுக்கெண்டு கட்டுவோம். கலியாணம் வரைக்கும் சும்மா கிடந்தால் கறையான் பிடிக்கும், கொஞ்சக் காசும் வரட்டும் எண்டு கொடுப்போம். தெரிஞ்ச ஆக்கள்தானே, எழுத்து என்னத்துக்கு?

நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். வாங்கின அட்வான்ஸ் மதில் கட்டவே போயிட்டு. மாப்பிள்ளை பேசி முடிந்து வீட்டைக் கேட்டால், அவர்களின் பிள்ளைக்கு ஓ.எல். பரீட்சை. நாங்களே படிப்பிக்கிறவர்கள், எந்த வாயால் எழும்பச் சொல்வது? கலியாணத் திகதி ரெண்டு தரம் மாறியது. போகும்போது அட்வான்ஸைக் கேட்டார்கள், கடன்பட்டுக் கொடுத்தோம். கரண்ட் பில் நிலுவையும் எங்கட பேரில்தான்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். எப்போது வீடு வேணும் எண்டு நாங்கள் சொல்லவே இல்லையே.

கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதச் சொல்லும் அல்பகரா 282, குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். பயானில் கேட்டுத் தலையாட்டுவோம், சொந்தக்காரனிடம் பேப்பரை நீட்ட வெட்கப்படுவோம். குத்தகைக்குக் கொடுத்த வீட்டை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. வெறும் வாய்ப்பேச்சோடு கோட்டுக்குப் போய் எதைக் காட்டுவது?

இளைய மகளின் வீட்டை இந்த முறை சாச்சாவின் மகனுக்குக் கொடுத்தோம். நொத்தாரிசிடம் போய் முடிவுத் திகதி, அட்வான்ஸ், மீட்டர் வாசிப்பு எல்லாம் எழுதினோம். சாச்சா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. பிறகு பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினார்.