ஒரு டீஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள்

போன மாதம் ஒரு தம்பதி நான்கு மாத ராட்வைலர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டுக்குக் கீழே வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. "கால் வளையுது டாக்டர், கால்சியத்தை இன்னும் கொஞ்சம் கூட்டணுமா?" என்று கேட்ட அந்த அம்மா, கொடுத்துவருவதை எல்லாம் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் உணவுப் பாக்கெட் ஒன்று, கால்சியம் சிரப் ஒன்று, முட்டை ஓட்டை வெயிலில் காயவைத்து மிக்சியில் அரைத்து நிரப்பிய கண்ணாடி பாட்டில் ஒன்று. சிரப்புக்கான சீட்டையும் நீட்டினார். முதல் தடுப்பூசி போட்ட அன்று எழுதிய சீட்டு. கையெழுத்து என்னுடையது.

அன்று அந்தக் குட்டி என்ன சாப்பிடுகிறது என்று நான் கேட்கவில்லை. குட்டி வந்தால் குடற்புழு மருந்து, தடுப்பூசி, கால்சியம் சிரப் என்று கை தானாக எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. உணவைப் பற்றிய பேச்சைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டோம். இந்த இதழின் ஆசிரியர் உரையை அதற்காகவே எழுதுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். அந்தக் குட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 கிராம் உலர் உணவு சாப்பிட்டது. பாக்கெட்டில் போட்டிருந்த கால்சியம் 1.4 சதவீதம். ஆக, உணவிலிருந்து மட்டும் 4.9 கிராம் கிடைக்கிறது. ஈரப்பதத்தைக் கழித்து உலர்பொருள் அடிப்படையில் பார்த்தால் 1.5 சதவீதத்துக்குச் சற்று மேல். வளர்ந்த பிறகு 32 கிலோவும் அதற்கு மேலும் எடை வரக்கூடிய குட்டிகளுக்கு அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த வரம்பு, குறைந்தபட்சம் 1.2, அதிகபட்சம் 1.8 சதவீதம். உணவு சரியாகத்தான் இருந்தது. அதன்மேல் தினமும் ஒரு டீஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள், சுமார் 5 கிராம். அதில் கால்சியம் மட்டும் 1.9 கிராம். மொத்தம் 2.1 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. நான் எழுதிய சிரப்பும் அதில் இருந்த வைட்டமின் டி-யும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

வளர்ந்த நாயாக இருந்தால் குடல் தன் கதவைப் பாதி சாத்திக்கொள்ளும். வேண்டாத கால்சியம் மலத்தோடு போய்விடும். ஏறத்தாழ ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே வந்ததில் பெரும்பங்கை வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் உறிஞ்சிக்கொள்கிறது. 1980-களில் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேஸ்விங்கெல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு 1.1 சதவீதமும் இன்னொரு பிரிவுக்கு 3.3 சதவீதமும் கால்சியம் உள்ள உணவு. அதிகம் கிடைத்த குட்டிகளுக்குத்தான் எலும்பு கெட்டது. மிகுதியான கால்சியம் கால்சிடோனினைத் தூண்டுகிறது. எலும்பைத் தின்று திருத்தியமைக்கும் செல்கள் மந்தமாகின்றன. வளர்தட்டில் குருத்தெலும்பு முதிர்ந்து எலும்பாக மாறாமல் தேங்கி நிற்கிறது. அல்னாவின் கீழ்முனை வளர்தட்டில் இது நேர்ந்தால் அல்னா நீளாது, பக்கத்திலுள்ள ரேடியஸ் நீண்டுகொண்டே போகும், கால் வில்லாக வளையும். அந்த ராட்வைலர் குட்டியின் எக்ஸ்ரேயில் அல்னாவின் கீழ்முனையில் கூம்பு வடிவில் குருத்தெலும்பு தெரிந்தது. எலும்பின் புறணி நல்ல அடர்த்தியோடு வெளுப்பாகவே இருந்தது.

இதே மாதத்தில் இன்னொரு குட்டி, மூன்றரை மாதச் சிப்பிப்பாறை, கட்டிலிலிருந்து குதித்துத் தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்தது. அதற்கும் கால்கள் வளைந்திருந்தன. தொட்டாலே கத்தியது. வீட்டுப் பெரியவர் சொன்னார்: "நல்லாத்தான் சாப்பிடும் டாக்டர். தினமும் கோழிக்கறி போட்டுச் சோறு, ராத்திரிக்குத் தயிர்ச்சோறு, ஒரு டம்ளர் பால்." அன்போடு ஊட்டி வளர்த்த குட்டிதான். ஆனால் எலும்பில்லாத கோழிக்கறியில் கால்சியத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அரிசியிலும் பாஸ்பரஸ்தான் அதிகம். பாராதைராய்டு சுரப்பி இரவும் பகலும் வேலை செய்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தில் கொட்டுகிறது. அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் இயல்பாகவே காட்டும், நாமும் ஏமாந்துபோவோம். எக்ஸ்ரேயில் வளர்தட்டுகள் சரியான அகலத்தில் இருந்தன. புறணி மட்டும் முட்டை ஓடு போல மெலிந்து கிடந்தது. தொடை எலும்பு பச்சைக் குச்சி மடங்குவது போல மடங்கியிருந்தது.

இரண்டு குட்டிகளுக்கும் கால் வளைவு ஒன்றுதான், காரணங்களோ எதிரெதிர். அந்தச் சிப்பிப்பாறைக்குட்டி அப்போது 5 கிலோ. அந்த வயதில் ஓய்வுநிலைத் தேவையின் மூன்று மடங்கு ஆற்றல் வேண்டும். கணக்குப் போட்டால் நாளுக்கு 700 கிலோ கலோரி. 1000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 3 கிராம் என்ற அளவில் அதற்குத் தேவையான கால்சியம் 2.1 கிராம். பெரியவர் நம்பிக்கையோடு சொன்ன ஒரு டம்ளர் பால் 200 மில்லி என்றால் அதில் கிடைப்பது கால் கிராம்கூட இல்லை. சமைத்த உணவையே தொடரும் வீட்டில் இந்தக் குட்டிக்கு வேண்டியது ஐந்தரை கிராம் முட்டை ஓட்டுத் தூள், ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல். ராட்வைலரைக் கெடுத்த அதே டீஸ்பூன் சிப்பிப்பாறைக்கு மருந்து. தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கால்சியம் எழுதவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

வீட்டுச் சமையல் என்று சொல்லும் குடும்பத்தை நாம் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. மாதாமாதம் பாக்கெட் வாங்க எல்லோராலும் முடியாது. ஆனால் கால்சியத்தைச் சரிசெய்துவிட்டால் முடிந்தது என்றும் இருக்கக் கூடாது. துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி எல்லாம் சோறும் கறியும் மட்டும் கொண்ட தட்டில் குறையும். ஈரலை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சும். குழம்பில் கிடக்கும் வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்தப் பெரியவருக்கு, வளர்ச்சி முடியும் வரையாவது குட்டிகளுக்கான முழுமையான உணவுக்கு மாறச் சொன்னேன். சோற்றையும் கறியையும் விட்டுப் பாக்கெட்டுக்கு மாறியதும் முட்டை ஓடு வேண்டாம் என்றும் சேர்த்தே எழுதிக்கொடுத்தேன். மாற முடியாதவர்களுக்கு, கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உள்ள ஊட்டச்சத்தியல் துறையினரிடம் உணவுத் திட்டம் கேட்டுப் பெறலாம். நாமே தோராயமாகச் சொல்வதைவிட அது நல்லது.

பாக்கெட்டைப் பொறுத்தவரை, முன்பக்கத்தில் உள்ள படத்தையும் விலையையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரி: இது முழுமையான, சமச்சீரான உணவா, எந்த வயதுக்கு? வளர்ச்சிப் பருவத்துக்கு என்றோ எல்லாப் பருவத்துக்கும் என்றோ இருக்க வேண்டும். பெரிய இனக் குட்டி என்றால், பெரிய இனங்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கானதைக் குட்டிக்குப் போடுவது இன்றும் தினமும் பார்க்கும் தவறு. மூலப்பொருள் பட்டியலில் கோழி முதலில் இருந்தால் நல்ல உணவு என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அந்தப் பட்டியல் பதப்படுத்துவதற்கு முந்தைய எடை வரிசை. பச்சைக் கோழியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். புரதச் சதவீதமும் தனியாக நின்று எதையும் சொல்லிவிடாது. ஆய்வகத்தில் அளப்பது நைட்ரஜனைத்தான். 2007-இல் அமெரிக்காவில், சீனாவிலிருந்து வந்த கோதுமைக் குளூட்டனில் மெலமைனைக் கலந்து அந்த எண்ணை உயர்த்திக் காட்டியதால்தான் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. எனவே யார் தயாரிக்கிறார்கள், ஊட்டச்சத்து வல்லுநர் இருக்கிறாரா, கால்சியமும் பாஸ்பரஸும் கலோரியும் எவ்வளவு என்று நிறுவனத்தைக் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத நிறுவனத்தின் உணவை நான் பரிந்துரைப்பதில்லை. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணவு என்பதன் வரையறைக்குள் விலங்குத் தீவனம் வராது என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு நமக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் எடைபோட்டு விற்கும் உணவு நல்ல நிறுவனத்துடையதாகவே இருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் கவருக்கு மாறியதும் தயாரிப்புத் தேதி, தொகுதி எண், வயது எல்லாம் போய்விடுகின்றன. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கொழுப்பு கசக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. அஃப்ளடாக்சின் நாயின் கல்லீரலை எப்படிக் குலைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பாக்கெட்டாக வாங்கி, அதே பாக்கெட்டிலேயே மடித்து மூடி வைக்கச் சொல்லுங்கள்.

அளவு பற்றி ஒன்று. நல்ல உணவையும் அதிகமாகப் போட்டுக் கெடுக்கலாம். 48 லாப்ரடார் குட்டிகளை எட்டு வாரத்திலிருந்து வாழ்நாள் முழுதும் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. ஒரு பாதி நாய்கள் மற்றப் பாதியைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டன. குறைவாகச் சாப்பிட்டவற்றின் ஆயுளின் நடுமதிப்பு 13 ஆண்டு; நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குப் பின்தள்ளிப்போனது. "குட்டி கொழுகொழுன்னு இருக்கு" என்று பெருமையாகச் சொல்பவரின் கையைப் பிடித்துக் குட்டியின் விலாவில் வைத்துக் காட்டுங்கள். எலும்பு தெரிய வேண்டாம், விரல் வருடினால் எளிதாகத் தட்டுப்பட வேண்டும். ஒன்பது புள்ளி உடல்நிலை அளவில் நான்கோ ஐந்தோ. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் எடையோடு அந்தப் புள்ளியையும் அட்டையில் எழுதிவிடலாம்.

ராட்வைலர் குட்டியின் சிரப்பையும் முட்டை ஓட்டையும் நிறுத்தி, அளவைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து வருகிறோம். வளைவு முழுதும் நிமிருமா, அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா என்பது வளர்தட்டு மூடுவதற்குள் தெரியும். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இனி இந்த இதழுக்கு எலும்பு, மூட்டு நோய் பற்றி நோயாளி அறிக்கை அனுப்பும் நண்பர்கள், குட்டி சாப்பிட்டது என்ன, எத்தனை கிராம், கூடவே கொடுத்தவை எவை என்று முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். அது இல்லாத அறிக்கைகளை, எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும், விவரம் கேட்டுத் திருப்பி அனுப்புவோம்.