தாளம் வேண்டும், கேள்வி வேண்டாமா?

கல்மண்டபத்துச் சந்துகளிலே, சாவு வீட்டுப் பந்தலின் கீழ், டோலக்கு அதிர விடிய விடிய எழும் கானாவைக் கேட்டு முன்னாளில் மூக்கைச் சுளித்தனர், மேட்டுக்குடியினர். பாட்டல்ல, கூச்சல் என்றனர். பின்னர் இசையமைப்பாளர் தேவா அதனைத் திரைக்குக் கொணர்ந்தார். 1996இல் ‘காதல் கோட்டை’ படத்திலே அவரே பாடியபோது, சுளித்த மூக்குக்காரர்களும் தொடையிலே தாளம் போட்டனர்! காதலில் தோற்றவன் புலம்பல், குடித்தவன் உளறல், இவ்வளவோடு கானா நிற்கும்வரை எவருக்கும் நோவில்லை.

கானாவுக்குள் கேள்வியும் கேலியும் என்றும் உண்டு. அதனைப் பந்தலுக்கு வெளியே ஊரறிய ஒலிக்கச் செய்தவர்களில் ஒருவர் தென்மா. கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ குழுவிலே நையாண்டி பாடியவர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 சனவரியில் சென்னையிலே முதன்முதலாக மேடையேறிற்று. பெயரைப் பாருங்கள் தோழர்களே! பண்டிதர் அயோத்திதாசர் விதைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்னும் எண்ணமே அங்கே குழுவின் பெயராயிற்று. மாட்டுக்கறியைப் பாடினர். இட ஒதுக்கீட்டை இகழ்வோரைச் சிரித்துக்கொண்டே சந்திக்கு இழுத்தனர்.

திரைக்குப் போனால் நையாண்டிக்காரன் நாவடங்குவான் என்பார்கள். தென்மா போனார். 2019இல் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, 2022இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். முன்னது பழைய இரும்புக்கடைத் தொழிலாளியின் கதை. பின்னது காதலின் குறுக்கே நிற்கும் சாதியைக் குறித்தது. எங்கே அடங்கிற்று நா?

அடக்க வந்தவர்கள் வேறு. குழுவின் பாடகி இசைவாணி, இதே இராயபுரத்துப் பெண்; 2020இல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த 100 பெண்களுள் ஒருவர். கோயிலுக்குள் நுழையப் பெண்ணுக்கு உரிமையில்லையா என்று 2018இல் அவர் பாடியதை, 2024 நவம்பரில் தோண்டியெடுத்துக் காவல்துறையிடம் ஓடினர் சிலர். ஆறாண்டுகள் உறங்கிய பக்தி திடீரென்று விழித்துக்கொண்டதாம்!

பெண்ணை ஏசும் கானாக்கள் எத்தனை வந்தன! (கானா மேடை இன்னும் பெரிதும் ஆண்களின் மேடைதான், அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.) அப்போது எங்கே போயிருந்தது இந்தப் புண்பட்ட நெஞ்சம்? பெண்ணை ஏசினால் பொழுதுபோக்கு. பெண்ணே வாய்திறந்து கேட்டால் குற்றமா?

பாட்டுக்கு மறுப்பு உண்டென்றால் பாட்டிலே சொல்லட்டும். கல்மண்டபத்துப் பந்தலிலே அவர்களுக்கும் இடமுண்டு. டோலக்கும் நாமே தருவோம்.