மாறுதலாகிப் போகாதவர்கள்

மே மாத வாக்கில் பல மறைமாவட்டங்களில் குருக்களின் மாறுதல் பட்டியல் வந்துவிடும். நாலைந்து ஆண்டு இருந்த பங்குத்தந்தை பெட்டியைக் கட்டுவார், புதியவர் பொறுப்பேற்பார். எந்தச் சாவி எந்த அலமாரிக்கு, எந்தத் தெருவில் நடக்க முடியாத பாட்டி நற்கருணைக்குக் காத்திருக்கிறார், கல்லறை இடத்துக்காக எந்த இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கோயில்பிள்ளை சொல்லுவார், அன்பியத்தைக் கவனிக்கும் அக்கா சொல்லுவார். பங்கின் ஞாபகம் அவர்களிடம்தான் இருக்கிறது.

தமிழகத் திருச்சபைக்கு இது பழைய கதை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் ஓர் ஊரில் தங்கியிருக்க முடியாதவர். தாம் இல்லாத நாளில் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக்கொடுக்கவும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். வைத்ததோடு விடாமல் அவர்களுக்குச் சம்பளத்துக்கும் வழி தேடினார். போர்த்துகல் அரசியின் மிதியடிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் போன 4,000 பொற்பணத்தை அரசியிடமே கேட்டுப் பெற்றார். பின்னால் 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838 வாக்கில் மதுரை மிஷனுக்கு அது திரும்பும்வரை, குருவின் முகத்தையே அபூர்வமாகப் பார்த்த கிராமங்கள் ஏராளம். அங்கெல்லாம் ஜெபம் நின்றுபோகாமல் காத்தவர்கள் உபதேசியார்கள்.

இன்றைக்கும் கிளைப்பங்குகளில் சாமியார் மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மணி அடிப்பதும் வாசகம் வாசிப்பதும் ஊர்க்காரர்களே. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பங்குக் கோயிலின் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பெண்கள் பீடத்துணிகளைத் துவைத்துக்கொண்டிருப்பார்கள். நற்கருணைத் துகள் பட்டிருக்கக்கூடிய திருமேனித்துகிலை முதலில் தனியாக அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடியின் வேரில் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் சோப்பு. யாரும் மேற்பார்வை செய்வதில்லை. அம்மா செய்ததைப் பார்த்து மகள் செய்கிறாள். உள்ளே பத்து வயதுப் பீடச்சிறுவர்களுக்கு மணி அடிக்கும் இடத்தை ஒரு கல்லூரி மாணவன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான். பாடகர் குழுவில் மறுநாள் பதிலுரைப்பாடலுக்கு மெட்டுத் தகராறு நடக்கும். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர் ஒருவர் அரிசி வாங்க வேண்டிய வீடுகளின் பட்டியலைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பார். பெயர்கள் வெளியே தெரியக் கூடாது.

இவர்கள் எல்லாரும் மாதா சுரூபங்கள் என்று சொல்லவில்லை. இருபது வருடம் சாவி வைத்திருந்தவருக்குக் கோயிலே தன்னுடையது என்ற நினைப்பு வந்துவிடுவதுண்டு. புதுச் சாமியார்களின் தலைவலியில் பாதி அதுதான். ஆனாலும் சாவியை வாங்கிவைத்துவிட்டால் அடுத்த விடியற்காலையில் கதவைத் திறக்க யார் வருவார்?

நன்றி சொல்ல நாம் கண்ட வழி, திருவிழா மேடையில் ஒரு பொன்னாடை. அதில் எனக்கு வருத்தமில்லை. கைத்தட்டல் யாருக்கும் இனிக்கும். சட்டம் அதற்கு மேலும் கேட்கிறது. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 231-வது பிரிவு, திருச்சபையின் தனிப்பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. முழுநேரம் உழைக்கும் உபதேசியாரின் கையில் பல இடங்களில் கிடைப்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கே காணாது. 537-வது பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மேய்ப்புப்பணிப் பேரவைக்கோ 536-வது பிரிவு ஆலோசனை சொல்லும் உரிமையை மட்டுமே தருகிறது. அந்த ஆலோசனையைக்கூடக் கேட்காத பங்குகள் உண்டு.

உரோமை அசைந்திருக்கிறது. 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்தார் திருத்தந்தை பிரான்சிஸ். நம் ஊர்ப் பெண்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வாசகம் வாசித்து வருகிறார்கள் என்பது வேறு விஷயம். அதே ஆண்டு மே மாதம் உபதேசியார் பணியைத் திருப்பணியாக நிறுவினார். மறு ஆண்டு மே 15-ல் நம் மண்ணின் தேவசகாயம், இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதரானார். அவருக்குச் சுரூபம் வைப்பதில் நாம் தாமதிக்கவில்லை. உபதேசியாருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதில்தான் தாமதம்.

பங்குக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது பூசை முடிந்ததும் வாசிக்கலாம். கிளை ஊருக்கு வண்டியில் போய்வரும் மறைக்கல்வி ஆசிரியைக்குப் பெட்ரோல் செலவைக் கொடுக்கலாம். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் கேட்பதில்லை: ஓய்வு. நம் பங்குகளில் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் சண்டை போட்டோ படுக்கையில் விழுந்தோதான் அதிலிருந்து விடுபடுகிறார். மூன்று ஆண்டு என்று தவணை வைத்து, அடுத்தவரைக் கூடவே பழக்கி, முடிந்ததும் மரியாதையோடு அனுப்பிவைக்கப் பங்குப்பேரவை தீர்மானம் போட்டாலே போதும். இருபது கிறிஸ்துமஸ்களாக நள்ளிரவுப் பூசையில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பவர், இந்த வருடம் மனைவி மக்களோடு பாயில் உட்கார்ந்து பூசை காணட்டும்.

(கட்டுரையாளர், திருச்சபைச் சட்டம், பொதுநிலையினர் பணி குறித்து எழுதிவருபவர்.)