யானையை விரட்டும் மஞ்சள் பூ!

யானைக்கும் மரத்துக்கும் போட்டி வந்தால் ஜெயிப்பது யார்? யானைதான் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் முதுமலைக் காட்டில் மரத்தின் கைதான் ஓங்கி நிற்கிறது!

அந்த மரத்தின் பெயர் மஞ்சள் கொன்றை. கிளை நுனியெல்லாம் தங்கத்தைக் கொட்டியது போலப் பூக்கும். சிவபெருமானுக்கு உகந்த சரக்கொன்றை வேறு, இது வேறு. சரக்கொன்றைப் பூ சரம் சரமாகக் கீழே தொங்கும்; இது நிமிர்ந்து நிற்கும். சரக்கொன்றை நம் நாட்டு மரம். மஞ்சள் கொன்றையோ மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்தது. அழகுக்கும் நிழலுக்கும் என்று கொண்டுவந்து நட்டார்கள். அது காட்டுக்குள் புகுந்துவிட்டது.

22 மாதம்

யானை 22 மாதம் கர்ப்பம் சுமக்கிறது. ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குச் சில வருடங்கள் ஆகும். மஞ்சள் கொன்றை வருடந்தோறும் காய்க்கிறது. காய் நிறைய விதை. அவை நெருக்கமாக முளைக்கின்றன. அந்த நிழலில் புல் சாகிறது. மற்ற மரக்கன்றுகளும் தலையெடுப்பதில்லை.

யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். தின்றதில் பாதிகூடச் செரிக்காது. அதுவும் காட்டுக்கு லாபம்தான்! பழ விதைகள் லத்தியோடு வெகுதூரம் போய் விழுந்து முளைக்கின்றன. யானை தின்று காட்டை வளர்க்கிறது. இந்த மரம் தான் வளர்ந்து காட்டை அழிக்கிறது.

யானை ஊருக்குள் வர வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் காட்டில் தீனி குறைந்தால் அது வாழைத் தோட்டத்தைத் தேடாதா? இரவெல்லாம் கண் விழிப்பவர் ஏழை விவசாயி.

வெட்டினால் போதுமா?

இத்தகைய அன்னியச் செடி, மரங்களை அகற்றும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2022-ல் தமிழக அரசு இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. வெட்டும் மரத்தைக் காகிதக் கூழுக்கு, அரசின் காகித ஆலைக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. நல்ல யோசனைதான்.

ஆனால் வெட்டிய அடிமரம் மறுபடி தளிர்க்கிறது. பெரிய மரத்துக்கு விலை உண்டு. விரல் பருமன் கன்றுக்கு ஏது விலை? அதை எந்த லாரியும் ஏற்றாது. வேரோடு பிடுங்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். ஒரு வருடம் அல்ல, பல வருடம்! அந்தக் கூலிக்குப் பணம் ஒதுக்காமல் மரத்தை மட்டும் வெட்டுவது வீண் வேலை. பிடுங்கிய இடத்தில் நாட்டுப் புல்லும் மூங்கிலும் வளர்க்க வேண்டும். வெறும் தரையாக விட்டால் உண்ணிச்செடி வந்து குடியேறிவிடும்.